சைக்ளோட்ரான் கதிர்வீச்சு உமிழ்வு நிறமாலையியல்

சைக்ளோட்ரான் கதிர்வீச்சு உமிழ்வு நிறமாலையியல் என்பது, காந்தப்புலத்தில் சுழலும் ஒரு தனி எலக்ட்ரான் (எதிர்மின்னி) வெளிவிடும் மிக மெல்லிய வானொலி அலையின் அதிர்வெண்ணை அளந்து, அதிலிருந்து அந்த எலக்ட்ரானின் இயக்க ஆற்றலைக் கண்டறியும் முறையாகும். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது கிரெஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. நியூட்ரினோவின் நிறையை அளப்பதற்காக 2009 ஆம் ஆண்டில் பெஞ்சமின் மொன்ரியால், ஜோசப் ஃபோர்மாஜியோ ஆகிய இயற்பியலாளர்கள் இம்முறையை முன்மொழிந்தனர். புராஜெக்ட் 8 என்னும் ஆய்வுக் கூட்டமைப்பு 2014 இல் இதனைச் சோதனை வழியாக மெய்ப்பித்தது. 2023 இல் இதே முறையைக் கொண்டு நியூட்ரினோ நிறைக்கான தனது முதல் மேல்வரம்பை வெளியிட்டது.

பின்னணி: நியூட்ரினோவின் நிறை

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் அற்ற, பிற பொருள்களுடன் மிக அரிதாகவே வினைபுரியும் ஓர் அடிப்படைத் துகள். பீட்டா சிதைவில் ஆற்றலின் ஒரு பகுதி காணாமற் போவதை விளக்குவதற்காக 1930 இல் வொல்ஃப்காங் பவுலி இத்துகளைக் கற்பித்தார். 1956 இல் கிளைடு கவன், ஃபிரெடரிக் ரைன்ஸ் ஆகியோரின் குழு இதனைச் சோதனையில் கண்டறிந்தது. துகள் இயற்பியலின் சீர்மரபு ஒப்புரு உருவாக்கப்பட்டபோது நியூட்ரினோவுக்கு நிறையே இல்லை என்று கொள்ளப்பட்டது.

நியூட்ரினோக்கள் பயணத்தின்போது ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுகின்றன என்பதை ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வு 1998 இலும், கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும் காட்டின. நிறையற்ற துகள்களுக்கு இத்தகைய மாற்றம் நிகழாது. ஆகவே நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பது உறுதியாயிற்று. இதற்காக 2015 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு தக்காக்கி கஜித்தா, ஆர்தர் மெக்டொனால்டு ஆகியோருக்கு வழங்கப்பட்டது.

எனினும் இவ்வகை ஆய்வுகள் நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே தருகின்றன. ஒவ்வொரு நிறையும் எவ்வளவு என்பதை அவற்றால் கூற இயலாது. மூன்று நியூட்ரினோ நிறைகளுள் ஒன்றாவது ஏறத்தாழ 0.05 எலக்ட்ரான் வோல்ட் (எ.வோ.) அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. துகள் இயற்பியலில் நிறையும் ஆற்றலின் அலகிலேயே குறிக்கப்படுவது வழக்கம். எலக்ட்ரானின் நிறை ஏறத்தாழ 5,11,000 எ.வோ. என்பதால், 0.05 எ.வோ. என்பது எலக்ட்ரான் நிறையில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஆகும்.

அண்டவியல் நோக்கீடுகளிலிருந்தும் நியூட்ரினோ நிறைக்கு வரம்பு பெறப்படுகிறது. பிளாங்க் செயற்கைக்கோளின் 2018 ஆம் ஆண்டு முடிவுகள், பிற நோக்கீடுகளுடன் சேர்த்து, மூன்று நிறைகளின் கூட்டுத்தொகை 0.12 எ.வோ.வுக்குக் குறைவு என்றன. டெசி விண்மீன்பேரடை அளவீட்டுத் திட்டம் 2025 இல் இதனை 0.064 எ.வோ. வரை குறைத்தது. நியூட்ரினோ மாற்ற ஆய்வுகள் கோரும் மிகக் குறைந்த கூட்டுத்தொகையோ ஏறத்தாழ 0.06 எ.வோ. ஆகும். இரண்டும் மிக நெருங்கி வந்துள்ளன. ஆனால் அண்டவியல் வரம்பு, அண்டத்தின் விரிவைப் பற்றிய ஒரு குறிப்பிட்ட ஒப்புருவைச் சார்ந்தது. அவ்வொப்புரு மாறினால் வரம்பும் மாறும். ஆகவே எந்த அண்டவியல் ஒப்புருவையும் சாராமல் ஆய்வகத்திலேயே நிறையை அளப்பது இன்றியமையாததாகிறது.

டிரிட்டியத்தின் பீட்டா சிதைவு

ஆய்வகத்தில் நியூட்ரினோ நிறையை நேரடியாக அளக்க மிகவும் ஏற்றது டிரிட்டியம் ஆகும். இது ஹைட்ரஜனின் கதிரியக்க ஓரிடத்தான். இதன் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள். இது சிதையும்போது ஹீலியம்-3 அணுக்கரு, ஓர் எலக்ட்ரான், ஓர் எதிர்நியூட்ரினோ ஆகியவை தோன்றுகின்றன. சிதைவில் வெளிப்படும் ஏறத்தாழ 18,600 எ.வோ. ஆற்றலை எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. இப்பகிர்வு சிதைவுக்குச் சிதைவு மாறுபடும்.

சில சிதைவுகளில் எலக்ட்ரானே ஏறத்தாழ முழு ஆற்றலையும் பெற்றுவிடும். நியூட்ரினோவுக்கு நிறை இல்லையெனில், எலக்ட்ரானின் ஆற்றல் நிறமாலை முடிவாற்றல் எனப்படும் உச்ச மதிப்பு வரை நீளும். நிறை உண்டெனில், அந்நிறைக்கு ஈடான ஆற்றலை நியூட்ரினோ எப்போதும் எடுத்துக்கொள்ளும். ஆகையால் நிறமாலை அவ்வளவு முன்னதாகவே முடிந்துவிடும். முடிவை ஒட்டிய பகுதியில் அதன் வடிவமும் மாறும். நியூட்ரினோவைப் பிடிக்காமலேயே, எலக்ட்ரானை மட்டும் அளந்து நியூட்ரினோவின் நிறையை அறியலாம் என்னும் இக்கருத்து, என்ரிக்கோ ஃபெர்மி வகுத்த பீட்டா சிதைவுக் கோட்பாட்டிலேயே உள்ளது.

இதில் உள்ள இடர்ப்பாடு எண்ணிக்கையாகும். நிறமாலையின் கடைசி 1 எ.வோ. அகலத்துக்குள் வரும் எலக்ட்ரான்கள், ஏறத்தாழ ஐந்து இலட்சம் கோடி சிதைவுகளுக்கு ஒன்று என்ற அளவிலேயே கிடைக்கும். ஆகவே ஆய்வுக் கருவிக்கு மிக நுண்ணிய பிரிதிறன், மிகப் பெரிய டிரிட்டிய மூலம், மிகக் குறைந்த பின்னணி எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும்.

முந்தைய முறைகளும் அவற்றின் எல்லையும்

டிரிட்டிய நிறமாலை 1940 களின் இறுதியிலிருந்தே அளக்கப்பட்டு வருகிறது. 1980 இல் மாஸ்கோவைச் சேர்ந்த ஓர் ஆய்வுக்குழு, நியூட்ரினோவின் நிறை சில பத்து எ.வோ. எனக் கண்டதாக அறிவித்தது. அக்குழு டிரிட்டியம் ஏற்றப்பட்ட வேலின் என்னும் அமினோ அமிலத்தை மூலமாகப் பயன்படுத்தியது. பிற ஆய்வகங்கள் வேறு மூலங்களையும் வேறு கருவிகளையும் கொண்டு அளந்தபோது அம்முடிவு தவறு எனத் தெரியவந்தது. ஓர் அளவீட்டை அதனின்று முற்றிலும் வேறுபட்ட முறையால் சரிபார்ப்பது இத்துறையில் ஏன் தேவை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இன்று மிகக் கூர்மையான வரம்பைத் தந்துள்ள ஆய்வு, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள காட்ரின் ஆகும். இதில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தால் ஒரே திசையில் செலுத்தப்பட்டு, ஒரு மின்னழுத்தத் தடையை நோக்கி அனுப்பப்படுகின்றன. தடையைத் தாண்டும் ஆற்றல் கொண்டவை மட்டும் மறுபுறம் எண்ணப்படுகின்றன. பின் தடையின் அளவை மாற்றி மீண்டும் எண்ணுகிறார்கள். காட்ரின் வெளியிட்ட மேல்வரம்பு 2019 இல் 1.1 எ.வோ., 2022 இல் 0.8 எ.வோ., 2025 இல் 0.45 எ.வோ. எனப் படிப்படியாகக் குறைந்தது.

இம்முறையில் பிரிதிறனைக் கூட்ட வேண்டுமானால் நிறமாலைமானியின் உருவளவைப் பெருக்க வேண்டும். காட்ரினின் முதன்மை நிறமாலைமானி 10 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 23 மீட்டர் நீளமும் 200 டன் எடையும் கொண்ட வெற்றிடத் தொட்டியாகும். இது டெக்கன்டார்ஃப் நகரில் செய்யப்பட்டது. அங்கிருந்து கார்ல்ஸ்ரூவுக்குத் தரைவழியில் சில நூறு கிலோமீட்டர்களே. ஆயினும் இவ்வளவு பெரிய தொட்டியைச் சாலையில் கொண்டுசெல்ல இயலாததால், 2006 இல் தன்யூப் ஆறு, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் பெருங்கடல், ரைன் ஆறு வழியாக ஏறத்தாழ 9,000 கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுவரப்பட்டது. இதனினும் பல மடங்கு பெரிய தொட்டியைக் கட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே எலக்ட்ரானின் ஆற்றலை அளக்க வேறொரு வழி தேடப்பட்டது.

அடிப்படைத் தத்துவம்

காந்தப்புலத்துக்குக் குறுக்காக நகரும் மின்னூட்டத் துகள் வட்டப்பாதையில் சுழலும். வட்டமிடும் துகள் முடுக்கம் அடைவதால் மின்காந்த அலையை வெளிவிடும். இதுவே சைக்ளோட்ரான் கதிர்வீச்சு. இதனை ஆலிவர் ஹெவிசைடு 1904 இலேயே கோட்பாட்டளவில் விளக்கினார்.

குறைந்த வேகத்தில், சுழற்சியின் அதிர்வெண் எலக்ட்ரானின் ஆற்றலைச் சார்ந்திராது. காந்தப்புலத்தின் வலிமையை மட்டுமே சார்ந்திருக்கும். 1 டெஸ்லா புலத்தில் இது ஏறத்தாழ 28 கிகாஹெர்ட்ஸ் ஆகும். வேகம் மிகும்போது சிறப்புச் சார்புக் கோட்பாட்டின்படி எலக்ட்ரானின் நிலைமம் கூடுகிறது. அதனால் அது சற்று மெதுவாகச் சுற்றுகிறது. அதாவது, 28 கிகாஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்ணை, எலக்ட்ரானின் நிறையாற்றலோடு இயக்க ஆற்றலையும் கூட்டி நிறையாற்றலால் வகுத்தால் வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஆகவே ஆற்றல் கூடினால் அதிர்வெண் குறையும். காந்தப்புலம் துல்லியமாகத் தெரிந்திருந்தால், அதிர்வெண்ணை அளந்தே ஆற்றலைக் கூறிவிடலாம்.

இயற்பியலில் மிகத் துல்லியமாக அளக்கக்கூடிய அளவு அதிர்வெண்ணே ஆகும். இம்முறையின் வலிமை அதில்தான் உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

1 டெஸ்லா காந்தப்புலத்தில், புலத்துக்குச் செங்குத்தாகச் சுழலும் 18,600 எ.வோ. ஆற்றல் கொண்ட எலக்ட்ரானுக்குரிய அளவுகள் (தோராயமாக) வருமாறு:

* வேகம்: நொடிக்கு 79,000 கிலோமீட்டர் (ஒளியின் வேகத்தில் 26 விழுக்காடு)
* வட்டப்பாதையின் ஆரம்: 0.46 மில்லிமீட்டர்
* அதிர்வெண்: 27 கிகாஹெர்ட்ஸ்
* வெளிவிடும் அலையின் நீளம்: 1.1 சென்டிமீட்டர்
* ஆற்றல் 1 எ.வோ. மாறும்போது அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம்: 51 கிலோஹெர்ட்ஸ்
* கதிர்வீச்சின் திறன்: 1.2 ஃபெம்டோவாட்

ஒரு ஃபெம்டோவாட் என்பது ஒரு வாட்டில் ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இக்கதிர்வீச்சினால் எலக்ட்ரான் ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 7 எ.வோ. ஆற்றலை மட்டுமே இழக்கிறது.

51 கிலோஹெர்ட்ஸ் வேறுபாட்டைப் பிரித்தறிய, அலையைக் குறைந்தது 20 மைக்ரோநொடிகளாவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். அதற்குள் எலக்ட்ரான் 1.5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்துவிடும். ஆகவே அதனை ஒரு சிறிய இடத்துக்குள் நிறுத்தி வைத்தல் வேண்டும். இதற்காக இரு முனைகளிலும் காந்தப்புலம் சற்று வலுவாக அமைக்கப்படுகிறது. வட்டமிட்டபடியே முனையை அணுகும் எலக்ட்ரான், வலுவான புலத்தால் திருப்பி அனுப்பப்பட்டு இரு முனைகளுக்கும் இடையே முன்னும் பின்னுமாக அலையும். இவ்வமைப்பு காந்தப் பொறி எனப்படும். ஏறத்தாழ செங்குத்தான கோணத்தில் பிறக்கும் எலக்ட்ரான்கள் மட்டுமே இதில் சிக்கும். மற்றவை தப்பிச் சுவரில் மோதி மறையும்.

குறிகையைப் பிரித்தெடுத்தல்

எலக்ட்ரானின் அலை, அலைவழிகாட்டி எனப்படும் உலோகக் குழாய் வழியாகவோ ஒத்ததிர்வுக் குழி வழியாகவோ திரட்டப்பட்டு, மிகவும் குளிர்விக்கப்பட்ட பெருக்கிகளுக்குச் செலுத்தப்படுகிறது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ப மின்காந்த இரைச்சலை உண்டாக்கும். அறை வெப்பநிலையில் 1 கிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையில் இவ்விரைச்சலின் திறன் ஏறத்தாழ 4,000 ஃபெம்டோவாட் ஆகும். எலக்ட்ரானின் குறிகை அதில் முற்றிலும் மூழ்கிவிடும்.

ஆனால் இரைச்சல் பட்டை முழுவதும் பரவியிருக்க, எலக்ட்ரானின் திறனோ ஒரே அதிர்வெண்ணில் குவிந்திருக்கிறது. அப்பட்டையைத் தலா 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 40,000 கூறுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கூறிலும் உள்ள இரைச்சல் 0.1 ஃபெம்டோவாட்டாகக் குறைகிறது. கருவியைக் குளிர்வித்தால் மேலும் குறையும். இப்போது எலக்ட்ரான் உள்ள கூறு மட்டும் தனித்து உயர்ந்து தெரியும். இப்பிரிப்பு ஃபூரியர் மாற்றம் என்னும் கணித முறையால் கணினியில் செய்யப்படுகிறது.

குறிகையை எண்முறைத் தரவாக மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. 1 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பதிவு செய்ய நொடிக்கு 200 கோடி மாதிரிகள் வேண்டும். மாதிரிக்கு ஒரு பைட் எனக் கொண்டாலும் நாளொன்றுக்கு 170 டெராபைட்டுக்கு மேல் சேரும். ஆகவே குறிகை முதலில் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றப்பட்டு, தேவையான குறுகிய பட்டை மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எலக்ட்ரான் இருப்பதற்கான அறிகுறி உள்ள நேரத் துண்டுகளே சேமிக்கப்படுகின்றன. 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையே ஏறத்தாழ 2,000 எ.வோ. நெடுக்கத்துக்குப் போதுமானது.

நேரத்தைக் கிடையச்சிலும் அதிர்வெண்ணை நிலையச்சிலும் குறித்து வரைந்தால், ஒவ்வோர் எலக்ட்ரானும் மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு மெல்லிய கோடாகத் தோன்றும். எலக்ட்ரான் கதிர்வீச்சினால் ஆற்றலை இழக்க, அதன் அதிர்வெண் மெல்ல உயர்வதே சாய்வுக்குக் காரணம். இடையே வளிம மூலக்கூறு ஒன்றில் மோதினால் ஆற்றல் திடீரெனக் குறையும். கோடு ஒரு படி மேலே தாவி மீண்டும் தொடரும். பல மோதல்களுக்குப் பின் எலக்ட்ரான் பொறியை விட்டு வெளியேற, கோடு நின்றுவிடும். முதற் கோடு தொடங்கும் புள்ளியின் அதிர்வெண்ணே எலக்ட்ரான் பிறந்தபோது இருந்த ஆற்றலைத் தரும்.

சோதனை வரலாறு

தனி எலக்ட்ரானை மின்காந்தப் பொறியில் அடைத்து வைப்பது புதிதன்று. ஹான்ஸ் டெமெல்ட்டின் குழு 1973 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதனைச் செய்தது. ஆனால் அங்கு உணரப்பட்டது பொறியின் அச்சு வழியே எலக்ட்ரான் அலைவதால் மின்முனைகளில் தூண்டப்படும் மின்னோட்டமாகும். தனி எலக்ட்ரானின் சைக்ளோட்ரான் கதிர்வீச்சு நேரடியாகக் கண்டறியப்பட்டதில்லை.

புராஜெக்ட் 8 குழு அதே பல்கலைக்கழகத்தில், சியாட்டில் நகரில், தன் முதற் கருவியை அமைத்தது. 10.7 மில்லிமீட்டர் அகலமும் 4.3 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அலைவழிகாட்டியினுள், ஏறத்தாழ 1 டெஸ்லா புலத்தில், கிரிப்டான்-83 இன் கிளர்வுற்ற நிலையிலுள்ள வளிமம் செலுத்தப்பட்டது. இவ்வளிமம் ஏறத்தாழ 17,800 எ.வோ., 30,400 எ.வோ. முதலிய குறிப்பிட்ட ஆற்றல்களில் எலக்ட்ரான்களை வெளிவிடுவதால் கருவியை அளவுதிருத்தம் செய்ய ஏற்றது. 2014 ஜூன் மாதத்தில் முதல் எலக்ட்ரானின் கோடு காணப்பட்டது. முடிவுகள் 2015 ஏப்ரலில் வெளியாயின.

அடுத்த கட்டத்தில் டிரிட்டியம் பயன்படுத்தப்பட்டது. 82 நாட்கள் பதிவு செய்து 3,770 டிரிட்டிய நிகழ்வுகள் திரட்டப்பட்டன. கிரிப்டானைக் கொண்டு அளந்த பிரிதிறன் 1.66 எ.வோ. ஆக இருந்தது. டிரிட்டியத்தின் முடிவாற்றலுக்கு மேல் ஒரு பின்னணி நிகழ்வுகூடப் பதிவாகவில்லை. இவற்றிலிருந்து நியூட்ரினோ நிறை 155 எ.வோ.வுக்குக் குறைவு என்னும் வரம்பு பெறப்பட்டு 2023 இல் வெளியிடப்பட்டது.

இவ்வரம்பு காட்ரின் தந்ததைவிட முந்நூறு மடங்குக்கும் மேல் தளர்வானது. நிறையைப் பற்றி இது புதிதாக எதுவும் கூறவில்லை. எனினும் சில கன சென்டிமீட்டர் அளவே உள்ள கருவியில், அதிர்வெண்ணை மட்டும் அளந்து, பின்னணி எதுவும் இன்றி இவ்வரம்பு எட்டப்பட்டது என்பதே இதன் சிறப்பாகும்.

நன்மைகள்

* டிரிட்டிய வளிமம் நுண்ணலைகளைத் தடுக்காது. ஆகவே எலக்ட்ரானை மூலத்திலிருந்து வெளியே எடுக்காமல், அது பிறந்த இடத்திலேயே அளக்கலாம்.
* தடையை மாற்றி மாற்றி எண்ணத் தேவையில்லை. பட்டையினுள் வரும் எல்லா ஆற்றல்களும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன.
* பொறியில் சிக்கி நீண்ட நேரம் சுழலும் எலக்ட்ரான் மட்டுமே கோடாகத் தெரிவதால், பின்னணி எண்ணிக்கை மிகக் குறைவு.
* காட்ரினுக்கு ஏற்படக்கூடிய பிழைகளும் இம்முறைக்கு ஏற்படக்கூடிய பிழைகளும் வெவ்வேறானவை. ஆகவே ஒன்றின் முடிவை மற்றொன்றால் சரிபார்க்கலாம்.

எதிர்கொள்ளும் சிக்கல்கள்

புராஜெக்ட் 8 இன் நீண்டகால இலக்கு 0.04 எ.வோ. வரை நிறையை உணர்வதாகும். அதற்கு முன் இரண்டு பெரிய தடைகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது, கொள்ளளவு. அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள கருவியில்தான் அலையை எளிதில் திரட்டலாம். 1 டெஸ்லாவில் அலைநீளம் 1 சென்டிமீட்டர் அளவே என்பதால் கருவியும் சிறியதாகிறது, டிரிட்டியமும் குறைகிறது. காந்தப்புலத்தை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் அலைநீளம் ஏறத்தாழ 55 சென்டிமீட்டராகும். கொள்ளளவு 50 இன் மும்மடி, அதாவது 1,25,000 மடங்கு பெருகலாம். ஆனால் கதிர்வீச்சின் திறன் புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது 2,500 மடங்கு குறைந்துவிடும். மேலும் மெல்லிதான குறிகையை மேலும் நீண்ட நேரம் கேட்க வேண்டும். அதற்காக மோதல்களைக் குறைக்க வளிமத்தின் அடர்த்தியையும் குறைக்க வேண்டும். இவற்றுக்கிடையே சமநிலை காண்பதே வடிவமைப்பின் மையச் சிக்கலாகும். 1 கிகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த அதிர்வெண்ணில் இயங்கும் பெரிய ஒத்ததிர்வுக் குழிகளை இக்குழு இப்போது கருதி வருகிறது.

இரண்டாவது, மூலக்கூறு. இதுவரையான ஆய்வுகளில் பயன்படுவது, இரு அணுக்கள் பிணைந்த டிரிட்டிய மூலக்கூறு ஆகும். அவற்றுள் ஓர் அணு சிதையும்போது ஆற்றலின் ஒரு பகுதி மீதியுள்ள மூலக்கூறின் அதிர்விலும் சுழற்சியிலும் கலந்துவிடுகிறது. அதனால் எலக்ட்ரானின் ஆற்றலில் ஏறத்தாழ 1 எ.வோ. அகலமுள்ள மங்கல் ஏற்படுகிறது. கருவி எவ்வளவு நுண்ணியதாயினும் இம்மங்கலை நீக்க இயலாது. ஆகவே தனி அணுக்களாலான டிரிட்டியம் தேவை. மூலக்கூறுகளை மிகுந்த வெப்பத்தில் பிளந்து, பின் கெல்வினில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குக் குளிர்வித்து, சுவரைத் தொடாமல் காந்தப்புலத்தால் தாங்கி வைக்க வேண்டும். சுவரைத் தொட்ட அணுக்கள் மீண்டும் மூலக்கூறுகளாகச் சேர்ந்துவிடும்.

பிற பயன்பாடுகள்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹீலியம்-6, நியான்-19 ஆகிய ஓரிடத்தான்களின் பீட்டா சிதைவை அளக்க இம்முறை பயன்படுத்தப்பட்டுள்ளது. அச்சிதைவுகளின் நிறமாலை வடிவத்தில், சீர்மரபு ஒப்புருவுக்கு அப்பாற்பட்ட விசைகளின் அறிகுறி உள்ளதா என்று தேடுவதே அதன் நோக்கம். பிரித்தானியாவிலும் இதே தத்துவத்தில் நியூட்ரினோ நிறையை அளக்கும் திட்டம் ஒன்று உருவாகி வருகிறது. பெருவெடிப்பின்போது தோன்றிய பழைய நியூட்ரினோக்களைத் தேடும் டாலமி என்னும் திட்டமும், எலக்ட்ரான்களை முன்னதாக இனங்காண இவ்வானொலி முறையைத் தன் வடிவமைப்பில் சேர்த்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* நியூட்ரினோ
* பீட்டா சிதைவு
* டிரிட்டியம்
* சிறப்புச் சார்புக் கோட்பாடு
* ஃபூரியர் மாற்றம்